விளையாட்டு திக்குகிறதா, நடுங்குகிறதா, திணறுகிறதா?

எறும்பு ஒன்று சுரங்கப் பாதைகளில் ஓடி ஓடித் தானியம் சேர்க்கும் ஒரு சின்ன 2டி விளையாட்டைக் கோடோ என்ற விளையாட்டு எஞ்சினில் தனியாளாகச் செய்துகொண்டிருக்கிறேன். முதன்முதலாக அதை விளையாடிப் பார்த்த நண்பன் சொன்னது: "நல்லா இருக்கு, ஆனா நடுவுல நடுவுல மாட்டிக்குது." எப்போது, எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எதிரி வண்டுகளை உருவாக்குவதும் அழிப்பதும்தான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இரண்டு வாரம் உட்கார்ந்து, வண்டுகளை அழிக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்த ஒரு பூல் எழுதினேன். புது பில்டை அனுப்பினேன். "இப்பவும் மாட்டிக்குது" என்றான்.

வண்டுக்கும் அந்தப் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை. வண்டு சாகும்போது கிளம்பும் தூசியின் ஷேடர்தான் (அதை எப்படி வரைவது என்று கிராஃபிக்ஸ் சில்லுக்குச் சொல்லும் சின்ன நிரல்) காரணம். அதுவும் என் கணினியில் தெரியவே தெரியாத விதத்தில். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். இந்த இரண்டு வாரத்தைத் தொலைத்த பிறகு நான் பழகிக்கொண்ட வரிசையை இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கோடோவிலிருந்து வரும்; யூனிட்டி, அன்ரியல் என்ற மற்ற எஞ்சின்களின் ஆட்களுக்கும் ஆங்காங்கே ஒரு வரி உண்டு.

முதலில் நோய்க்குப் பெயர் வையுங்கள்

"லேக் ஆகுது" என்று யாராவது சொன்னால் அதற்குள் குறைந்தது மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கலாம். நான் எனக்காக வைத்துக்கொண்ட பெயர்கள் இவை. எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஒரு நொடி நின்று மறுபடி ஓடினால் அது திக்கல். வினாடிக்கு எத்தனை படம் என்ற எண்ணிக்கை 60 என்று அழகாகக் காட்டும்போதே பாத்திரம் மட்டும் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தால் அது நடுக்கம். ஆரம்பம் முதல் கடைசி வரை மெதுவாகவே ஓடினால் திணறல். மூன்றுக்கும் மருந்து வேறு. திணறலுக்கான மருந்தை நடுக்கத்துக்குக் கொடுத்தால் ஒரு பயனும் இராது. நான் செய்தது கிட்டத்தட்ட அதுதான்.

எஃப்பிஎஸ் எண்ணை நம்பாதீர்கள்

மூலையில் தெரியும் எஃப்பிஎஸ், அதாவது வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் (திரையில் வரையும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்) என்ற எண், ஒரு சராசரி. ஒரு வினாடியில் 54 ஃப்ரேம்கள் ஒவ்வொன்றும் 16.67 மில்லிவினாடியில் முடிந்து, ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் 100 மில்லிவினாடி எடுத்தது என்று வையுங்கள். மொத்தம் ஒரு வினாடி, 55 ஃப்ரேம். மூலையில் 55 என்று வரும். "பரவாயில்லையே" என்று தோன்றும். ஆனால் விளையாடுபவரின் கண்ணுக்குப் பட்டது அந்த 100 மில்லிவினாடி மட்டும்தான்.

இன்னொரு தொல்லை, எஃப்பிஎஸ் நேர்கோட்டில் நகர்வதில்லை. 200-லிருந்து 150-க்கு விழுந்தால் பதறிப்போவோம். உண்மையில் ஒரு ஃப்ரேமுக்கு 1.67 மில்லிவினாடிதான் கூடியிருக்கிறது. 60-லிருந்து 50-க்கு விழுந்தால் சின்ன விஷயம்போலத் தெரியும். அங்கே கூடியது 3.33 மில்லிவினாடி, முன்னதைப் போல இரு மடங்கு. அதனால் எதையும் மில்லிவினாடியிலேயே யோசியுங்கள். 60-க்கு உங்கள் கையில் இருப்பது 16.67. 120-க்கு 8.33. 30 போதும் என்றால் 33.3. அதற்குள் இயற்பியல், எதிரிகளின் மூளை, வரைதல் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

நான் செய்வது இது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் எஞ்சினின் மைக்ரோவினாடிக் கடிகாரத்தைப் படித்து, முந்தைய ஃப்ரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கிட்டு, கடைசி 600 அளவுகளை ஒரு அரேயில் சுழற்றி வைத்துக்கொள்கிறேன். ஏதாவது ஒன்று 25 மில்லிவினாடியைத் தாண்டினால் அந்த நேரத்தில் எந்த சீன், எத்தனை வண்டுகள், கடைசியாக என்ன நடந்தது என்ற மூன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளும். இருபது வரி கோட்கூட இல்லை.

இதற்கு டெல்டாவை (முந்தைய ஃப்ரேமிலிருந்து ஆன நேரம் என்று எஞ்சினே தரும் எண்) பயன்படுத்தாமல் கடிகாரத்தையே படிப்பதற்குக் காரணம் உண்டு. கோடோவில் டெல்டாவை மென்மையாக்கும் அமைப்பு ஒன்று இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். யூனிட்டியில் டெல்டாவுக்கு உச்சவரம்பு உண்டு. ஸ்லோ மோஷனுக்காக நேரத்தின் வேகத்தை மாற்றினால் அதுவும் டெல்டாவுக்குள் வந்துவிடும். அளக்கும் கோலே வளைந்து கொடுத்தால் என்னத்தை அளப்பது?

எங்கே அளக்கிறீர்கள் என்பது முக்கியம்

எடிட்டருக்குள் ஓட்டிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். எடிட்டரும் அதே ஜிபியுவை (கிராஃபிக்ஸ் சில்லை) பங்குபோடுகிறது, பிழை தேடும் டிபக்கர் ஒவ்வொரு நொடியும் தகவல் வாங்கிக்கொண்டிருக்கிறது. ரிலீஸ் பில்ட் எடுத்து, உங்களிடம் இருப்பதிலேயே மட்டமான கருவியில் ஓட்டுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு முறை. ஃபோன் என்றால் குறைந்தது இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டுங்கள். சூடானதும் ஃபோன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், முதல் ஐந்து நிமிடத்தில் அது தெரியாது.

கோட் முழுக்கத் தூவி வைத்திருக்கும் பிரிண்ட்களையும் இந்த இடத்தில் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் நான்கைந்து வரி அச்சிடுவது நாம் நினைப்பதைவிட அதிக நேரம் தின்னும்.

ப்ரொஃபைலரில் என்ன பார்ப்பது

அளப்பது ரிலீஸ் பில்டில்தான்; ஆனால் காரணத்தைத் தேட எடிட்டருக்குத் திரும்ப வேண்டும். கோடோவில் கீழே டிபக்கர் பகுதியில், எது எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும் ப்ரொஃபைலர் இருக்கிறது. ஸ்டார்ட் அழுத்தி, விளையாடி, திக்கல் வந்ததும் ஸ்டாப் அழுத்துங்கள். கோட்டுப் படத்தில் மலைபோல் எழுந்து நிற்கும் இடத்தைச் சொடுக்கினால் அந்த ஒரு ஃப்ரேமில் எந்தெந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பட்டியல் வரும். இதில் இன்க்ளூசிவ், செல்ஃப் என இரண்டு கணக்கு உண்டு. இன்க்ளூசிவில் ஒரு ஃபங்ஷன் கூப்பிட்ட மற்றவற்றின் நேரமும் சேர்ந்தே இருக்கும். செல்ஃபில் அதன் சொந்த நேரம் மட்டும். முதலில் இன்க்ளூசிவில் எந்தக் கிளை பெரியது என்று பாருங்கள், அப்புறம் செல்ஃபுக்கு மாற்றி உண்மையான ஆளைப் பிடியுங்கள். செல்ஃபை மட்டும் பார்த்து வேட்டையாடினால் 0.3 மில்லிவினாடி ஃபங்ஷன்களைத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள்.

ஃபங்ஷன் பட்டியலில் எல்லாமே சின்னதாக இருந்து, ஃப்ரேம் மட்டும் பெரிதாக இருந்தால் பிரச்சினை உங்கள் ஸ்கிரிப்டில் இல்லை. அதுவும் ஒரு விடைதான். அப்போது பக்கத்திலிருக்கும் விஷுவல் ப்ரொஃபைலருக்குப் போங்கள்; வரைவதற்குச் சிபியு (கணினியின் முதன்மைச் சில்லு) எவ்வளவு, ஜிபியு எவ்வளவு என்று அது தனித்தனியாகக் காட்டும். அன்ரியலில் கன்சோலில் ஸ்டாட் யூனிட் என்று அடித்தால் ஃப்ரேம், கேம், டிரா, ஜிபியு என்ற எண்கள் வரும்; ஃப்ரேமின் எண்ணுக்கு எது மிக நெருங்கி நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. யூனிட்டியில், அந்த ஃப்ரேமில் எவ்வளவு குப்பை நினைவகம் உருவானது என்று காட்டும் ஜிசி அல்லாக் என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள்.

திக்கல்

இங்கேதான் நேரம் போகும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். திக்கல் வந்தால் நான் கேட்கும் ஒரே கேள்வி: ஒரு முறைதான் வருகிறதா, சீரான இடைவெளியில் வருகிறதா, ஒரு செயலோடு ஒட்டியே வருகிறதா?

ஒரு பொருள் முதல் முறை திரையில் வரும்போது மட்டும் திக்கி, இரண்டாம் முறை சுத்தமாக ஓடினால், ஷேடரைச் சந்தேகியுங்கள். நாம் எழுதும் ஷேடர் அப்படியே ஜிபியுவில் ஓடாது. விளையாடுபவரின் கருவியில் உள்ள டிரைவர் (ஜிபியுவை இயக்கும் மென்பொருள்) அதைத் தன் ஜிபியுவுக்கு ஏற்ற மொழிக்கு மாற்ற வேண்டும். அந்த வேலை, பொருளை வரையப்போகும் நேரத்தில் நடந்தால் ஃப்ரேம் காத்து நிற்கும். ஒரு முறை மாற்றியதை டிரைவர் கேஷில் சேமித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் என் கணினியில் அது தெரியவே இல்லை: அந்தத் தூசியை நான் எத்தனையோ மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் கேஷ் நிரம்பியிருக்கிறது. நண்பனின் கணினிக்கு அது முதல் வண்டு.

ஆக, இதைப் பிடிக்க நீங்கள் புது ஆளாக நடிக்க வேண்டும். எஞ்சின் தன் தரவுக் கோப்புறையில் வைத்திருக்கும் ஷேடர் கேஷையும், கிராஃபிக்ஸ் டிரைவரின் கேஷையும் அழித்துவிட்டு விளையாட்டைத் தொடங்குங்கள். நான் அப்படிச் செய்ததும் முதல் வண்டு செத்த இடத்தில் ஃப்ரேம் 140 மில்லிவினாடிக்கு எழுந்தது. இரண்டு வாரமாகத் தேடியது இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

கோடோ 4.4 வந்தபோது 3டிக்கு இதில் பெரிய நிவாரணம் கிடைத்தது: முதலில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பெரிய ஷேடரை வைத்து ஓட்டிவிட்டு, அந்தந்தப் பொருளுக்குத் தைத்த ஷேடரைப் பின்னணியில் தயார் செய்கிறது. கோடோவின் வரையும் முறைகளில் (ரெண்டரர்) ஃபார்வர்ட் பிளஸ், மொபைல் ஆகிய இரண்டுக்குத்தான் இது, காம்பாட்டிபிலிட்டிக்குக் கிடையாது. 2டியிலும் முன்கூட்டியே தயார் செய்யும் வசதி அதில் வரவில்லை. அதே பதிப்பில் மானிட்டர்ஸ் பகுதியில் பைப்லைன் கம்பைலேஷன் (ஷேடரை ஜிபியுவுக்காகத் தயார் செய்வது) எண்ணிக்கைகளும் வந்தன. திக்கும் நேரத்தில் அந்த எண் ஏறுகிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மருந்து பழைய கைவைத்தியம்தான். லோடிங் திரை காட்டும்போதே ஒவ்வொரு துகள் விளைவையும், ஒவ்வொரு விசேஷ ஷேடரையும் ஒரு முறை வரைந்துவிடுவது. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் விழுந்தேன்: மறைத்து வைத்தாலோ கேமராவுக்கு வெளியே வைத்தாலோ எஞ்சின் அதை வரையவே வரையாது. முழுக்கக் கண்ணாடியாக்கினாலும் தாண்டிப் போய்விடும். கேமராவுக்கு உள்ளேயே, லோடிங் படத்துக்கு அடியில் வையுங்கள். ஓரிரு ஃப்ரேம் இருந்தால் போதும், அப்புறம் எடுத்துவிடலாம்.

முதல் முறை மட்டும் வரும் திக்கலுக்கு இன்னொரு காரணம் வட்டிலிருந்து கோப்பை ஏற்றுவது. ஓட்டத்தின் நடுவில் லோட் என்று கூப்பிட்டால் அது முடியும்வரை எல்லாம் நிற்கும். சின்னவற்றை முன்கூட்டியே ஏற்றி (ப்ரீலோட்) வைத்துவிடுங்கள். பெரிய சீன் என்றால் ரிசோர்ஸ் லோடரிடம் வேறு த்ரெட்டில் (இணையாக ஓடும் தடத்தில்) ஏற்றச் சொல்லிக் கேட்டுவிட்டு, முடிந்ததா என்று இடையிடையே விசாரித்துக்கொள்ளலாம்.

சீரான இடைவெளியில் திக்கினால் கதை வேறு. யூனிட்டியிலோ, கோடோவில் சி ஷார்ப் எழுதுபவர்களுக்கோ, குப்பை சேகரிப்பு, அதாவது இனி பயன்படாத நினைவகத்தைத் திரட்டி விடுவிப்பதுதான் வழக்கமான காரணம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் "மதிப்பெண்: " என்ற எழுத்தோடு எண்ணை ஒட்டிப் புதிய சரம் செய்தால், அத்தனையும் குப்பை. மதிப்பெண் மாறும்போது மட்டும் எழுதுங்கள்; அதிலேயே குப்பை குறையும். அன்ரியலிலும் குப்பை சேகரிப்பு உண்டு, இயல்பான அமைப்பில் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை வரும். கோடோவின் சொந்த மொழியான ஜிடி ஸ்கிரிப்டில் இப்படிப்பட்ட சேகரிப்பான் கிடையாது. யாரும் பயன்படுத்தாதபோது பொருள் அங்கேயே விடுவிக்கப்படும், சீனின் உறுப்புகளான நோடுகளை நாமே விடுவிக்க வேண்டும். நான் பூல் எழுதியதே எவ்வளவு அபத்தம் என்று இப்போது புரிந்திருக்கும். அதை வேறொரு எஞ்சினுக்கான அறிவுரையிலிருந்து எடுத்து இங்கே ஒட்டியிருந்தேன்.

ஆனால் சேகரிப்பான் இல்லாத எனக்கும் அரை வினாடிக்கு ஒரு முறை ஒரு திக்கல் இருந்தது. 40 வண்டுகள், ஒவ்வொன்றும் அரை வினாடிக்கு ஒரு முறை எறும்புக்கு வழி தேடும். செலவு குறையட்டும் என்றுதான் ஒவ்வொரு ஃப்ரேமிலும் தேடாமல் டைமர் வைத்தேன். ஆனால் 40 வண்டுகளும் நிலை தொடங்கும் அதே ஃப்ரேமில் பிறந்தவை; 40 டைமர்களும் ஒன்றாகவே அடித்தன. 29 ஃப்ரேம் யாரும் யோசிக்கவில்லை, முப்பதாவது ஃப்ரேமில் ஊரே கூடி யோசித்தது. ஒவ்வொரு வண்டின் டைமருக்கும் தொடக்கத்தில் 0 முதல் 0.5 வரை ஏதோ ஒரு எண்ணைத் தாமதமாகக் கொடுத்தேன். ஒரே வரி. மலை சமவெளியாகிவிட்டது. தானாகச் சேமிக்கும் வேலை, பாதை வரைபடம் புதுப்பித்தல், எதுவாக இருந்தாலும் இதே கண்ணோடு பாருங்கள்.

நடுக்கம்

நடுக்கம் பெரும்பாலும் இரண்டு கடிகாரங்களின் சண்டை. கோடோவின் இயற்பியல் இயல்பாக வினாடிக்கு 60 முறை நடக்கும். யூனிட்டியில் 0.02 வினாடிக்கு ஒரு முறை, அதாவது 50. திரை தன் வேகத்தில் புதுப்பித்துக்கொள்ளும். 144 ஹெர்ட்ஸ் திரையில் 60 இயற்பியல் நகர்வுகளைக் காட்டினால் ஒரு நகர்வுக்கு 2.4 ஃப்ரேம் கணக்கு வரும். அரை ஃப்ரேம் என்று ஒன்று இல்லையே; அதனால் சில நகர்வுகள் இரண்டு ஃப்ரேம் நிற்கும், சில மூன்று. கண் அதைத்தான் அதிர்வாக உணர்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் யூனிட்டியின் 50-ஐக் காட்டினால் வினாடிக்குப் பத்து ஃப்ரேமில் பாத்திரம் நகராமலே நிற்கும்.

இதற்கு இயற்பியல் எண்ணை 144 ஆக உயர்த்துவது என்னைப் பொறுத்தவரை தப்பான வழி. அடுத்தவர் திரை 165-ஆக இருக்கும். இடைச்செருகலை இயக்குங்கள். கோடோவில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ஃபிசிக்ஸ் இண்டர்போலேஷன் என்று இருக்கும். 2டிக்கு 4.3-லும் 3டிக்கு 4.4-லும் வந்தது. யூனிட்டியில் ரிஜிட்பாடியிலேயே இண்டர்போலேட் தேர்வு உண்டு. இரண்டு இயற்பியல் நிலைகளுக்கு நடுவே கணக்கிட்டு வரைவதால் பாத்திரம் ஒரு இயற்பியல் தட்டு தாமதமாகத் தெரியும். என் எறும்புக்கு அது உறைக்கவில்லை. சண்டை விளையாட்டு செய்பவர்களுக்கு உறைக்கலாம்.

இதை இயக்கியதும் புதிதாக ஒன்று கெடும். எறும்பு ஒரு துளையில் நுழைந்து வேறு துளையில் வெளிவரும்போது, மறைந்து தோன்றுவதற்குப் பதில் திரை முழுக்கச் சறுக்கிக்கொண்டு போனது. இடம் மாற்றியதும் அந்த நோடின் இடைச்செருகலை ரீசெட் செய்யச் சொல்ல வேண்டும், சரியாகிவிடும்.

கேமராவிலும் ஒரு பழைய பழக்கம் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் மீதமுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்த்துவது. 60-இல் மென்மையாக இருக்கும் கேமரா 144-இல் விறைப்பாகிவிடும், ஏனென்றால் அதே ஒரு வினாடிக்குள் இரு மடங்குக்கும் மேலான தடவை நகர்கிறது. பங்கை டெல்டாவோடு எக்ஸ்பொனென்ஷியலில் கணக்கிடுங்கள்: ஒன்றிலிருந்து, மைனஸ் வேகம் பெருக்கல் டெல்டாவின் எக்ஸ்பொனென்ஷியலைக் கழித்தால் வருவதுதான் பங்கு. இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: கோடோவில் பாத்திரத்தை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைடுக்குக் கொடுக்கும் வெலாசிட்டியை டெல்டாவால் பெருக்குவது. அது உள்ளுக்குள் தானே பெருக்கிக்கொள்கிறது. நீங்களும் பெருக்கினால் எறும்பு நத்தையாகிவிடும்.

திணறல்

இதற்கு ஒரு நிமிடச் சோதனை. வரையும் தெளிவை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்குங்கள். வேகம் கூடினால் ஜிபியு, கூடாவிட்டால் பெரும்பாலும் சிபியு. எனக்கு ஃபோனில் கூடியது. சுரங்கத்துக்குள் மூடுபனிக்காக முழுத் திரைக்கும் நான்கு அரைக்கண்ணாடிப் படலங்களை அடுக்கியிருந்தேன். 1920க்கு 1080 திரையில் நான்கு படலம் என்றால் ஃப்ரேமுக்குச் சுமார் 83 லட்சம் புள்ளிகள், பனிக்கு மட்டும். நான்கையும் ஒரே ஷேடருக்குள் கலந்துவிட்டேன். தெரிந்த வித்தியாசத்தை நான் மட்டும்தான் கவனித்தேன்.

சிபியு என்றால் மறுபடி ப்ரொஃபைலர்தான். ஒன்று மட்டும் எச்சரிக்கை: இயற்பியல் கணக்கே தன் நேரத்துக்குள் முடியாவிட்டால், தவறவிட்டதை ஈடுகட்ட எஞ்சின் ஒரே ஃப்ரேமில் அதைப் பல முறை ஓட்டும், அதனால் இன்னும் பின்தங்கும். கோடோவில் இயல்பான உச்சவரம்பு ஃப்ரேமுக்கு 8 முறை. ப்ரொஃபைலரில் ஃபிசிக்ஸ் ப்ராசஸ் திடீரென்று பல மடங்கு வீங்கியிருந்தால் இதுதான். நேரம் ஆக ஆக மெதுவாகிக்கொண்டே போனால் மானிட்டர்ஸில் ஆர்ஃபன் நோடுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால், மரத்திலிருந்து பிரித்த எதையோ விடுவிக்க மறந்திருக்கிறீர்கள்.

எதுவுமே பிடிபடவில்லை, ஆனால் போன மாதம் நன்றாக ஓடியது நினைவிருக்கிறது என்றால் கிட் பைசெக்ட்: கோட் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டின் தேடும் கட்டளை (அதில் ஒவ்வொரு சேமிப்பும் ஒரு கமிட்). நன்றாக ஓடிய கமிட்டையும் கெட்ட கமிட்டையும் சொன்னால் நடுவே உள்ளதை எடுத்துத் தரும். ஓட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லிக்கொண்டே போங்கள். 64 கமிட்டுக்கு ஆறே சுற்று. "சும்மா கொஞ்சம் மாற்றங்கள்" என்று ஒரே கமிட்டில் நாற்பது கோப்புகளைத் திணித்திருந்தால் அந்த ஆறாவது சுற்றில் நன்றாக அனுபவிப்பீர்கள்.

பூலை அழித்துவிட்டேன், எதுவும் மெதுவாகவில்லை. சோதிக்கக் கொடுக்கும் பில்டில் மட்டும், எஃப்9 விசையை அழுத்தினால் அந்த 600 ஃப்ரேம் அளவுகளும் குறிப்புகளும் ஒரு கோப்பில் விழும்படி வைத்திருக்கிறேன். நண்பனுக்கு இப்போது ஒரே ஒரு வேலைதான்: மாட்டியதும் எஃப்9 அழுத்தி, அந்தக் கோப்பை அனுப்புவது.